கோர்ட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஒரு தாலுகா கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியெல்லாம் குமாஸ்தாவிடம்தான் வந்து சேரும். ஆபீஸ் திண்ணையில், கோர்ட் வேப்பமரத்தடியில், சில சமயம் ராத்திரி பத்து மணிக்குப் போனில். ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டிருக்கிறேன். முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட் போன்ற தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களை மனதில் வைத்து எழுதியது இது. ஹைகோர்ட் வழக்கம் வேறாக இருக்கும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

சம்மன்ல காலை பத்தரைன்னு போட்டிருக்கு. பதினொண்ணுக்கு வந்தாப் போதுமாண்ணே?

போதாது. பத்து மணிக்கே வளாகத்துக்குள் இருங்கள். கோர்ட் ஹால் வாசலில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டியிருக்கும். உங்கள் வழக்கு எண் எத்தனையாவதாக இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஸ்மார்ட்போன் இருந்தால் ஈகோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று வந்துவிடும். தேதியைத் தப்பாகக் குறித்துக்கொண்டு வந்து திரும்பிப் போகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

ஜட்ஜ் வந்து உட்கார்ந்ததும் முதலில் பட்டியலில் உள்ள எல்லா வழக்கையும் ஒரு சுற்று கூப்பிட்டு முடிப்பார்கள். வாய்தா மட்டும் போடவேண்டிய கேஸ் கட்டுகள் அதிலேயே போய்விடும், உங்கள் வேலை பதினொன்றுக்குள் முடிந்தாலும் முடியும். சாட்சி விசாரணை என்றால் அதற்குப் பிறகுதான். சாயங்காலம் வரை காத்திருக்க நேரலாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் அதைக் கையோடு கொண்டுவாருங்கள்.

என்ன உடுத்திட்டு வரணும்? பேன்ட்தான் போடணுமா?

கருப்புக் கோட்டு, வெள்ளைப் பட்டை, கவுன் எல்லாம் வக்கீல்களுக்கு பார் கவுன்சில் வைத்த விதி. கட்சிக்காரருக்கும் சாட்சிக்கும் அப்படி எந்தச் சீருடையும் கிடையாது. வேட்டி சட்டை தாராளமாகப் போதும். துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி, அதாவது சுத்தமாக, ஆரவாரம் இல்லாமல் வந்தால் சரி. கைலி வேண்டாம், அரைக்கால் சட்டை வேண்டாம். வெள்ளைச் சட்டைக்கு மேல் கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டாயிற்றே என்று ஒரு தம்பி போட்டு வந்தார். எந்த பேட்ச் வக்கீல் என்று நாலு பேர் விசாரித்ததில் பையன் அரண்டுபோனார்.

செருப்பை வெளியே விட்டுட்டு வரணுமா? துண்டைத் தோள்ல போட்டிருக்கலாமா?

செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. துண்டு தோளிலேயே இருக்கட்டும். இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். எழுபது வயதுப் பெரியவர்கள் ஹால் வாசலுக்கு வந்ததும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு நுழைவார்கள். அவர்களை அப்படிப் பழக்கியது கோர்ட் இல்லை, ஊர். பண்ணையார் வாசலில் படிந்த பழக்கத்தை இங்கே கொண்டுவரத் தேவையே இல்லை.

ஜட்ஜ் காலில் விழுவது, கூண்டிலிருந்து “நீங்கதான் சாமி தெய்வம்” என்று கும்பிடுவது எல்லாம் மரியாதையில் சேராது. ஜட்ஜுக்கே அது சங்கடம். எதிர்க்கட்சிக்காரர் பார்க்கும்போது, இவர் என்னவோ ஜட்ஜை வளைக்கப் பார்க்கிறார் என்றும் தோன்றும்.

உள்ளே போனா எங்கே நிக்கிறது, எங்கே உட்காருறது?

உயரமான மேடையில் ஜட்ஜ். அவருக்குக் கீழே பெஞ்ச் கிளார்க்கும் டைப்பிஸ்டும். அவர்களுக்கு எதிரே நீளமேஜை போட்டு வக்கீல்கள். அந்த நாற்காலிகள் காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள். பின்னால் பெஞ்சு இருக்கும், அது பொதுமக்களுக்கு. இடமில்லை என்றால் சுவரோரம் நில்லுங்கள், நடைபாதையை மறிக்கவேண்டாம். ஜட்ஜ் உள்ளே வரும்போது டவாலி, அதாவது கோர்ட் சேவகர், “சைலன்ஸ்” என்று குரல் கொடுப்பார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் எழுந்திருங்கள். அவர் உட்கார்ந்த பிறகு உட்காரலாம். நடுவில் வெளியே போகவேண்டி வந்தால் லேசாகத் தலை வணங்கிவிட்டுச் சத்தமில்லாமல் போகலாம். கேஸ் நடக்கும்போது ஜட்ஜுக்கும் பேசுகிற வக்கீலுக்கும் நடுவில் குறுக்கே நடக்கக்கூடாது.

கால்மேல் கால் போடலாமா என்று கேட்பார்கள். கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அது ஒன்றுக்காக ஜட்ஜின் கவனம் உங்கள் மேல் திரும்புவதில் உங்களுக்கு என்ன லாபம்? முட்டிவலி, கர்ப்பம், வயது போன்ற காரணத்தால் நிற்க முடியாதவர்கள் முன்கூட்டியே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். கூண்டிலும் நாற்காலி போடச் சொல்வார்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டாம்.

ஜட்ஜை எப்படிக் கூப்பிடணும்? சினிமால வர்ற மாதிரி ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ன்னா?

“ஐயா” போதும். பெண் நீதிபதி என்றால் “அம்மா”. 2006-ல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா வக்கீல்களுக்கே இதை விதியாக எழுதிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் ‘யுவர் ஆனர்’, கீழ்க் கோர்ட்டில் ‘சார்’ அல்லது அந்தந்த மாநில மொழியில் அதற்கு ஈடான சொல். ‘மை லார்ட்’ வெள்ளைக்காரன் காலத்து மிச்சம் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். ஹைகோர்ட்டில் வக்கீல்கள் இன்றும் ‘மை லார்ட்’ என்று பழக்கதோஷத்தில் சொல்வார்கள், அது வேறு கதை. ‘கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு’ என்பதெல்லாம் மனு எழுதும்போது வருகிற நடை.

தமிழிலேயே பேசுங்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழ்தான் என்று 1976-லேயே சட்டத் திருத்தம் வந்தாயிற்று.

செல்போனை சைலன்ட்ல போட்டாப் போதாதா?

வைப்ரேட் ஆகிற சத்தம் மரபெஞ்சில் எப்படிக் கேட்கும் தெரியுமா? அணைத்துவிடுங்கள். ஒருமுறை ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து திருப்பதி சுப்ரபாதம் முழுசாக ஒலித்தது. எந்தப் பட்டனை அமுக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. போன் பெஞ்ச் கிளார்க் மேஜைக்குப் போனது. சாயங்காலம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்கிவந்தோம்.

போட்டோ, வீடியோ, ஆடியோ எதையும் கோர்ட் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். காணொலி விசாரணைக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. அதில் சேரும்போது அமைதியான அறையில், முகம் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில், ஒரே இடத்தில் உட்காருங்கள். பைக்கில் போய்க்கொண்டே சேர்ந்தவரை ஒருநாள் பார்த்தேன். ஹெல்மெட்டோடு ஆஜரானது அவர் ஒருவர்தான்.

டீ குடிக்கப் போன நேரத்துல பேரைக் கூப்பிட்டுட்டாங்க. இப்ப என்ன ஆகும்?

டவாலி வாசலுக்கு வந்து பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். அந்த மூன்றுக்குள் ஆள் இல்லை என்றால் நீங்கள் வரவில்லை என்று கணக்கு. வக்கீலோ ஜூனியரோ அங்கே இருந்தால் “பாஸ் ஓவர்” கேட்டு, சுற்று முடிந்து மறுபடி கூப்பிட வைப்பார்கள். அதனால் வெளியே போகும்போது என்னைப் போன்ற குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

சிவில் வழக்கில் பிரதிவாதி ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கி, ஒருதலைத் தீர்ப்பு வரை போகலாம். அதை ரத்து செய்ய மனுப்போட 30 நாள்தான் கெடு. வாதி வராமல் வழக்கு தள்ளுபடியானாலும் மீட்க அதே 30 நாள். கிரிமினல் வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வராவிட்டால் பிடிவாரண்ட். உடம்பு சரியில்லை, வரவே முடியாது என்றால் அன்றைக்கு ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு வக்கீல் மனுக் கொடுக்கலாம். ஆனால் கோர்ட் கூடுவதற்கு முன்னால் அவருக்குத் தகவல் போயிருக்கவேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் போட்டு “காய்ச்சல் சார்” என்றால் அதற்குள் வாரண்ட் எழுதி முடிந்திருக்கும்.

கூண்டுல ஏறினதும் கீதை மேல கையை வைக்கச் சொல்வாங்களா?

இல்லை. அது சினிமாவில் மட்டும். 1969-ம் வருஷத்து உறுதிமொழிச் சட்டப்படி எந்தப் புத்தகமும் வேண்டாம். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் உளமார உறுதி சொல்லலாம். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே எடைதான். பெஞ்ச் கிளார்க் சொல்லச் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும். அவசரமாக முணுமுணுக்காமல் சொல்லுங்கள். அந்த நிமிஷத்திலிருந்து தெரிந்தே பொய் சொன்னால் ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைச் சத்தியம் வாங்காமலே விசாரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

கேள்வி கேக்குறது வக்கீல். பதிலை அவரைப் பார்த்துச் சொல்லணுமா, ஜட்ஜைப் பார்த்தா?

ஜட்ஜ் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள். ஆனால் அதைவிட முக்கியமானவர் ஒருவர் கீழே உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் டைப்பிஸ்ட். நீங்கள் சொன்னது தாளில் ஏறவில்லை என்றால் சொல்லாத மாதிரிதான். கோர்ட்டில் நடந்துகொள்வது பற்றி நான் சொல்கிற பாதி விஷயம் இதிலிருந்தே வருகிறது. தலையாட்டினால் தாளில் ஏறாது. கையை விரித்து “இம்மாம் பெரிய கத்தி” என்றால் ஏறாது. வக்கீல் கேள்வியை முடிக்கும் முன் பதில் சொன்னால் இரண்டும் கலந்து எதுவும் ஒழுங்காக ஏறாது. கீபோர்டு சத்தம் நின்ற பிறகு அடுத்த வாக்கியம், இதுதான் கணக்கு. வக்கீல் “அப்ஜெக்‌ஷன்” என்று எழுந்தால் உடனே வாயை மூடிக்கொள்ளுங்கள். ஜட்ஜ் சொன்ன பிறகு தொடரலாம்.

நீங்கள் பேச்சுத்தமிழில் சொல்வதை ஜட்ஜ் சாட்சியத் தமிழாக்கிச் சொல்ல, டைப்பிஸ்ட் அடிப்பார். “ஆமாங்க, நாந்தான் வாங்கினேன்” என்பது “மேற்படி சொத்தை நான் கிரயம் பெற்றேன் என்றால் சரிதான்” என்று ஆகும். “அதெல்லாம் இல்லீங்க” என்பது “என்று சொன்னால் சரியல்ல” என்று ஆகும். தன் பேச்சைத் திரிக்கிறார்கள் என்று பலர் பதறுவார்கள். திரிப்பது இல்லை, நடை அப்படி. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். அர்த்தம் மாறியிருந்தால் அப்போதே, “ஐயா, நான் அப்படிச் சொல்லலீங்க” என்று பணிவாகச் சொல்லலாம். அது மரியாதைக்குறைவு இல்லை.

எதிர்மறைக் கேள்வியில்தான் ஆபத்து. “சம்பவத்தன்று நீங்கள் ஊரிலேயே இல்லை, இல்லையா?” என்று கேட்பார் எதிர் வக்கீல். நீங்கள் “இல்லை” என்கிறீர்கள். ஊரில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா, அல்லது அவர் சொல்வது சரியில்லை என்கிறீர்களா? “ஆமா” என்றாலும் இதே குழப்பம். என் கண்முன் ஒருவர், களத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர், இந்த ஒற்றைச் சொல்லில் மாட்டி அரைமணி நேரம் திண்டாடினார். அதனால் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: “நான் அன்னைக்கு ஊர்லதான் இருந்தேன்.”

‘தெரியாது’ன்னு சொன்னா ஜட்ஜ் கோவிச்சுக்க மாட்டாரா?

தெரியாததைத் தெரியாது என்றும், மறந்ததை ஞாபகம் இல்லை என்றும் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு. ‘இருக்கலாம்’ என்ற சொல்லை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்லலாம். பார்வையாளர் பெஞ்சில் இருக்கும் மச்சானைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாதீர்கள், ஜட்ஜ் அதையும் குறித்துக்கொள்வார். துண்டுச்சீட்டில் எழுதிவைத்துப் படிப்பதும் கூடாது. தேதி, சர்வே எண் போன்றதற்கு ஆவணத்தைப் பார்க்கவேண்டும் என்றால் கோர்ட்டைக் கேளுங்கள்.

எதிர் வக்கீல் வேணும்னே சீண்டுறார். திருப்பிக் கேக்கலாமா?

உங்களைக் கோபப்படுத்துவதும் அவர் தொழிலில் ஒரு பாகம். நீங்கள் கத்தினால் அவருக்குத்தான் வெற்றி. “நீங்க யாரு என்னைக் கேக்க?” என்பது கூண்டில் சொல்லக்கூடாத வாக்கியம். கேட்பதற்குத்தான் அவருக்கு வக்காலத்து.

அதேசமயம் அவமானப்படுத்தவென்றே கேட்கிற கேள்வியையும், வழக்குக்குத் தேவையில்லாத ஆபாசக் கேள்வியையும் தடுக்க ஜட்ஜுக்குச் சாட்சியச் சட்டத்திலேயே அதிகாரம் உண்டு. பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வக்கீலிடம் மல்லுக்கு நிற்காமல் ஜட்ஜிடம், “ஐயா, இதுக்கு நான் பதில் சொல்லணுமாங்க?” என்று கேளுங்கள். இந்த ஒரு வரி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் கணவனோ மனைவியோ யாராவது ஒருவர் கேட்டாலே கதவைச் சாத்தித்தான் விசாரிக்கவேண்டும்.

சாட்சியம் முடிஞ்சதும் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. படிக்கிறேன்னு சொன்னா தப்பா?

தப்பே இல்லை, படிக்காமல் போடுவதுதான் தப்பு. கிரிமினல் வழக்கில் சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக்காட்டவேண்டும் என்பது சட்டம். அவசரத்தில் தாளை நீட்டினால், “கொஞ்சம் படிச்சுப் பார்த்துட்டுப் போடுறேங்க” என்று சொல்லுங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘சரிதான்’, ‘சரியல்ல’ இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். காரணம் மேலேயே சொல்லியிருக்கிறேன்.

எங்க வக்கீல் முக்கியமான பாயின்ட்டை விட்டுட்டார். நானே எழுந்து சொல்லிடவா?

வேண்டாம். கவுனைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், நிஜமாகவே இழுக்கிறார்கள். ஒரு சீட்டில் எழுதி ஜூனியர் கையில் கொடுங்கள். விட்டது மாதிரி தெரிவதைச் சில சமயம் அவர் வேண்டுமென்றேதான் விட்டிருப்பார். ஜட்ஜ் உங்களையே நேராகக் கேட்டால் மட்டும் எழுந்து சுருக்கமாகச் சொல்லுங்கள். வக்கீல் இல்லாமல் தன் வழக்கைத் தானே நடத்துகிறவர்கள் பேசலாம். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பதே கோர்ட் அனுமதிக்கு உட்பட்டது. அங்கே உங்களை நேரில் கேட்பதுதான் அதிகம், தயாராகப் போங்கள்.

வராந்தாவுல எதிர்க்கட்சிக்காரர் சாட்சி நிக்கிறார். எங்க ஊர்க்காரர்தான். பேசலாமா?

“சாப்பிட்டியாப்பா” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். நீங்கள் நல்லதனமாகப் பேசியதைக்கூட, மிரட்டினார் என்று மனுவாக எழுதிவிடலாம். சாட்சியைப் பொய் சொல்லும்படி மிரட்டுவது தனிக் குற்றம். ஜட்ஜை வீட்டிலோ கோயிலிலோ பார்த்தாலும் அப்படித்தான். வழக்கு நடக்கும்போது அவரைத் தனியே போய்ப் பார்ப்பதும், தெரிந்தவர் மூலமாகச் சொல்லி அனுப்புவதும் உங்கள் வழக்குக்கு நீங்களே வைக்கிற கொள்ளி.

கேஸ் கட்டை எடுத்து வைக்கிறதுக்கு, தேதி சொல்றதுக்கெல்லாம் ‘ஏதாவது பார்த்துக் குடுங்க’ங்கிறாங்களே. குடுக்குறது மரியாதையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் தாழ்த்தாமலே சொல்கிறேன்: மரியாதை இல்லை, லஞ்சம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் வந்த 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தியதால் கொடுத்தீர்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருந்தால்தான் தப்பலாம். நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்ப பேட்டா, சாட்சிக்குப் படி எல்லாம் சட்டப்படி உள்ளவை, கணக்கு உண்டு. கணக்கில் வராததைக் கேட்டால் வக்கீலிடம் சொல்லுங்கள். வக்கீல் குமாஸ்தாவே கேட்டாலும்தான்.

ஜட்ஜ் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார். நான் பதிலுக்கு ஏதோ சொல்லிட்டேன். உள்ளே போட்டுடுவாங்களா?

முதலில், அங்கேயே அப்போதே மன்னிப்புக் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். நீதி விசாரணையில் உட்கார்ந்திருப்பவரை வேண்டுமென்றே அவமதித்தால், உங்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டு அன்று கோர்ட் கலைவதற்குள்ளேயே 1000 ரூபாய் வரை அபராதம் போடலாம். கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை வெறுங்காவல். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1971-ம் வருஷத்து நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி தண்டிப்பது ஹைகோர்ட்டின் அதிகாரம். கீழ்க் கோர்ட் அங்கே எழுதி அனுப்பத்தான் முடியும். அதில் ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் திட்டு வாங்கியதெல்லாம் உங்கள் வழக்குக்குப் பாதகம் என்று நினைக்காதீர்கள். நூறு கட்டு பார்க்கிறவருக்குக் குரல் உயரத்தான் செய்யும். சில ஜட்ஜுகள் தேவைக்கு மேலேயே உயர்த்துவார்கள், அதையும் மறைக்கவேண்டியதில்லை. நேர்மையாக இருந்தால் தீர்ப்பை விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. வெளியே வந்து “தீர்ப்பு தப்பு” என்று சொல்லலாம். “ஜட்ஜ் விலைபோயிட்டார்” என்று சொன்னால் கதை வேறு.

தீர்ப்பு எங்களுக்கு எதிரா வந்துடுச்சுன்னா அந்த இடத்துல என்ன பண்றது?

ஒன்றும் பண்ணாதீர்கள். அழுகை வந்தால் வெளியே வந்து அழுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மண்ணை வாரித் தூற்றுவதும், எதிர்க்கட்சிக்காரர் பட்டாசு வெடித்தால் பதிலுக்குப் பாய்வதும் புது வழக்குக்கு அஸ்திவாரம். ஜெயித்தவர்களுக்கும் சொல்கிறேன், வளாகத்துக்குள் கைதட்டலும் மாலையும் வேண்டாம்.

சிவில் வழக்கில் மாவட்ட அளவிலான மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போட 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். கிரிமினல் தண்டனைக்கு அப்பீல் 30 நாள், ஹைகோர்ட்டுக்கு என்றால் 60. தீர்ப்பு நகல் தயாராக ஆகிற நாளை இந்தக் கெடுவில் சேர்க்கமாட்டார்கள், ஆனால் நீங்கள் மனுப்போட்ட தேதியிலிருந்துதான் அந்தச் சலுகை. அதனால் ஹாலை விட்டு வெளியே வந்த உடனே, வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன்னால், நகல் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மனுத் தாள் என் பையில் எப்போதும் இருக்கும்.